நான் அப்படிச் சொல்லவில்லை

திருப்பூரில் ஆனந்தவல்லி என்றால் பனியன் கம்பெனி டெய்லர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஏற்றுமதிக்குப் போகிற துணிகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். தையல் பிசகியிருந்தால் யார் கெஞ்சினாலும் விடமாட்டாள். பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும்போது மேனேஜர் முன்னால் நின்று பேசுவார், இவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்கள் பேசும் ஆங்கிலம் முக்கால்வாசி புரிந்துவிடும். திருப்பிப் பேசத்தான் நாக்கு எழாது.

முப்பது வயதில் சரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஆக்லாந்துக்கு வந்தாள். சரத் வீடுகளுக்குக் குளிர்காலத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் மாட்டிக்கொடுக்கும் தொழில் செய்தான். சொந்தமாக வேன், இரண்டு வேலையாட்கள், பக்குரங்கா பகுதியில் வாடகைக்கு ஒரு யூனிட் வீடு. முத்தமிழ் நல்லிணக்க மன்றம் என்ற சங்கத்தில் பொருளாளர் பதவி வேறு. பொங்கல் விழாவில் அவன் வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் கொடுப்பதைப் பார்த்து, "தங்கமான மாப்பிள்ளைம்மா உனக்கு" என்று சொல்லாத பெண்கள் குறைவு.

முதல் அறை கறிவேப்பிலைக்காக விழுந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒரு நாள் அவளே பஸ் மாறிப் பஸ் ஏறி சான்ட்ரிங்ஹாம் போய், இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வந்தாள். புது ஊரில் தனியாகப் போய்வந்த சந்தோஷத்தில், சரத் வேனை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "யாரைக் கேட்டு வெளிய போனே?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கன்னம் எரிந்தது.

அதற்குப் பிறகு பாஸ்போர்ட் அவனிடம் போனது. ஃபோனை அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவான். ஒரு சனிக்கிழமை ஏதோ வாக்குவாதத்தில், எழுந்து வேனில் ஏறச் சொன்னான். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் விமான நிலையத்துக்கு ஓட்டினான். பயணிகளை இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தி, "உன் விசா என்னோட கையெழுத்துல நிக்குது. நான் ஒரு மெயில் போட்டா இங்கயிருந்து உன்னைத் தூக்கி அனுப்பிருவாங்க. பார்த்து வெச்சுக்கோ" என்றான். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேனைத் திருப்பி வீட்டுக்கே ஓட்டி வந்தான். வழியில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

பக்கத்து யூனிட்டில் மரகதம் இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, ஐம்பது வயதைத் தொடும் தனிமனுஷி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர். மரகதம் தும்மினால் இங்கே கேட்கும். இங்கே நடப்பதும் அங்கே கேட்டிருக்க வேண்டும். துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக இரண்டொரு முறை, "பிள்ளை, ஏதும் எண்டால் சுவரில தட்டு, என்ன?" என்று சொல்லி, தன் ஃபோன் எண்ணையும் கொடுத்திருந்தாள். ஆனந்தவல்லி ஒன்றும் புரியாதவள் போலத் துணியை உதறிப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சுவரில் தட்டவில்லை. தட்ட முடியவில்லை. வேலைக்குப் போக விரும்புவதாகச் சொன்னதற்கு, சரத் அவளைச் சமையலறைச் சுவரோடு சாய்த்து இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். ஜன்னல் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டு போல ஆனதுதான் அவளுக்கு ஞாபகம். கால் உதறியதில் ஒரு பாத்திர அடுக்கு சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் மரகதம் போலீசைக் கூப்பிட்டாள்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சரத்தை வெளியே நிறுத்திவிட்டு இளைஞனான ஒருவன் உள்ளே வந்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான். மொழிபெயர்ப்பாளர் பெயர் சொல்லவில்லை. தன் எண்ணை மட்டும் சொன்னார். அது வழக்கம்தான்.

"அதாவது பாருங்கம்மா, என்ன நடந்துச்சுன்னு ஆபீசர் கேக்குறாரு" என்றது தமிழ்க் குரல்.

ஆனந்தவல்லிக்குத் தொண்டை கரகரத்தது. "கழுத்தப் புடிச்சு நெரிச்சாருங்க. மூச்சே நின்னு போச்சுங்க. கண்ணு இருட்டிருச்சு. செத்துட்டேன்னே நெனச்சேனுங்க."

ஃபோனிலிருந்து ஆங்கிலம் வந்தது. சின்னதாக இருந்தது. போலீஸ்காரன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் ஏதோ கேட்டான். காது இன்னும் இரைந்துகொண்டிருந்ததில், 'ஆர்கியூமென்ட்' என்ற ஒரு சொல்தான் அவளுக்குப் பிடிபட்டது. கழுத்தை நெரிப்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் போலும் என்று நினைத்தாள். அவன் ஒரு துண்டுப் பிரசுரத்தை மேஜைமேல் வைத்தான், சரத்திடம் நிதானமாக நடந்துகொள்ளச் சொன்னான், கிளம்பிவிட்டான். வாசலில் மரகதம் அவனை மறித்து ஏதோ சத்தம் போட்டது கேட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினான்.

அடுத்த வாரம் சரத் அவளை மன்றத்துக்கு அழைத்துப் போனான். மன்றத்துக்கு சான்ட்ரிங்ஹாமில் ஒரு கூடம் இருந்தது. அதன் தலைவர் விநாயகமூர்த்தி ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி இருப்பார்: இஸ்திரி போட்ட சட்டை, மேல்பையில் பேனா, யாரையும் நீ என்று பேசாத நாக்கு. குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைக்க மன்றத்தில் ஒரு குழு இருந்தது. அதற்கு அரசாங்க உதவியும் வந்தது. பிரிந்துபோக இருந்த இத்தனை குடும்பங்களைச் சேர்த்துவைத்தோம் என்று ஒவ்வொரு வருஷமும் மேடையில் அறிவிப்பார். கைதட்டல் கிடைக்கும். சேர்த்துவைக்கப்பட்ட பெண்கள் அந்தக் கூட்டங்களில் அதிகம் கண்ணில் பட்டதில்லை.

நீளமான மேஜை. ஒரு பக்கம் விநாயகமூர்த்தியும் குழுவினர் மூன்று பேரும். எதிரே சரத்தும் அவளும். எல்லோருக்கும் டீ வந்தது.

"அதாவது பாருங்கம்மா," என்று அவர் தொடங்கினார்.

ஆனந்தவல்லியின் கையில் டீக் கோப்பை அப்படியே நின்றது. அவர் மேலே பேசிக்கொண்டே போனார். புது நாடு, வேலைச் சுமை, ஆண்களுக்குக் கோபம், பெண்களுக்குப் பொறுமை. அவளுக்கு வார்த்தை எதுவும் ஏறவில்லை. குரல் மட்டும் ஏறியது.

"சார்," என்றாள். "அன்னைக்குப் போலீஸ்காரரு போன்ல பேசினது நீங்கதானுங்களே?"

கூடத்தில் யாரோ கரண்டியைத் தட்டில் வைத்தார்கள். விநாயகமூர்த்தி சங்கடப்படவில்லை. கொஞ்சம் வருத்தமாகச் சிரித்தார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. நீங்க சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா சரத்தை அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பாங்க. கேஸ் ஆகும். விசா போகும். நீங்க எங்க போவீங்க? ஒரு குடும்பத்தை உடைக்க ஒரு வார்த்தை போதும். நான் அந்த வார்த்தையைச் சொல்லலை, அவ்வளவுதான்."

"அது உங்க வார்த்தை இல்லீங்களே. என்னோடதுங்க."

"வள்ளி," என்று சரத் பல்லைக் கடித்தான்.

அவள் எழுந்தாள். கோப்பையை மேஜையில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவாக நடந்து வெளியே வந்தாள். பின்னால் வந்து பிடித்து இழுக்க அவனால் முடியாது; அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவள் கணக்குப் போட்டுத்தான் எழுந்தாள். அவள் கறிவேப்பிலை வாங்கிய கடை சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. உள்ளே போய், கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஃபோனைக் கேட்டு வாங்கி மரகதத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் வீட்டுக்குப் போக மாட்டனுங்க."

"ஓம். நீ அங்கயே நில். நான் வாறன்," என்றாள் மரகதம். ஏன், என்ன என்று ஒரு கேள்வி இல்லை.

மரகதம் அவளை முதலில் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழியில் அப்போதும் சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தது. கழுத்தில் விரல் பட்ட இடங்கள் மஞ்சளாகியிருந்தன. அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். இந்த முறை ஒரு பெண் அதிகாரி. ஃபோனில் வேறு ஊரிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண். ஆனந்தவல்லி அதையேதான் சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டபோதுதான், போன வாரம் தன்னிடமிருந்து எவ்வளவு திருடப்பட்டிருந்தது என்று அவளுக்கு விளங்கியது. விநாயகமூர்த்தி விஷயத்தையும் சொன்னாள். அதிகாரி தலையசைத்து, அதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

சரத்தின் மேல் வழக்குப் பதிவானது. அவன் ஜாமீனில் வெளியே வந்தான். ஆனந்தவல்லி பெண்கள் காப்பகத்தில் சில மாதங்கள் இருந்தாள். கணவனிடம் அடிபட்டு வெளியேறுகிறவளுக்குத் தனியாக ஒரு விசா உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். விமான நிலையத்தில் வேனை நிறுத்தி அவன் சொன்னது பொய் என்று தெரிந்த அன்றைக்கு, அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். கோபம்தான் வந்தது. அது அவளுக்கு நன்றாக இருந்தது.

பாட்டனி டவுன்ஸ் பகுதியில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை விற்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லிவிடுவாள். கல்லாவுக்கு வந்தால்தான் தடுமாற்றம். கூட வேலை பார்த்த ஷிவாங்கி ஃபிஜி இந்தியப் பெண், வாய் ஓயாதவள். "எதுக்கெடுத்தாலும் ஸாரி சொல்றதை முதல்ல நிறுத்து," என்று ஆங்கிலத்தில் அதட்டுவாள். "அவன் திரைச்சீலை அளவைத் தப்பாக் கொண்டு வந்தான்னா ஸாரி அவன் சொல்லணும்." கடையில் ஆள் இல்லாத நேரங்களில் ஷிவாங்கி கோபக்கார வாடிக்கையாளராக நடிப்பாள், இவள் 'ஸாரி' இல்லாமல் பதில் சொல்லிப் பழகினாள்.

இதற்கிடையே விநாயகமூர்த்தி திருப்பூருக்கு ஃபோன் போட்டிருந்தார். அம்மா கூப்பிட்டு அழுதாள்.

"பெரிய மனுஷன் சொல்றாரு சாமி, நீ கேஸ வாபஸ் வாங்கினா எல்லாம் சரியாயிருமாம்."

"அம்மா, அவரு கழுத்த யாராச்சும் நெரிச்சாங்களா? என்னைத்தானே நெரிச்சான்? அப்ப நாந்தான் பேசணும்."

அம்மா கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சோறு தின்னயா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே கேட்கும் வழக்கு. ஆனந்தவல்லி கடையிலேயே எடுத்த ஒரு நீலச் சட்டை போட்டுக்கொண்டு மரகதத்தோடு போனாள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக நீதிமன்றத்தில் இருக்கும் பெண், எங்கே நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். "மைக்கைப் பார்த்துப் பேசு. இங்கே பேசுவது எல்லாமே பதிவாகும். எந்த மொழியில் பேசினாலும்."

அப்போது தாழ்வாரத்தில் விநாயகமூர்த்தி வந்தார். அதே இஸ்திரி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையாம். அவருக்குப் பதிலாக இவராம். அவர் ஆனந்தவல்லியைப் பார்த்து, தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலத் தலையைத் தாழ்த்தினார். சரத்துக்காக அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியவர், சரத்தைப் பொருளாளராக வைத்திருப்பவர், இந்த வழக்கில் உள்ள யாரையும் தனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஐயோ, இந்த ஆளா!" என்றாள் மரகதம். "வள்ளி, உடனை போய் லோயரிட்டைச் சொல்லு. இவர் வேண்டாம் எண்டு சொல்லு."

"சொன்னா என்னாகுங்க்கா?"

"வேற ஆள் வரோணும். இண்டைக்கு நடக்காது. தள்ளி வைப்பினம்."

ஆனந்தவல்லி யோசித்தாள். முன்பே போலீசில் சொன்னாள், எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கும் ஒரு மூலையில் நின்று யாரோ ஒருவர் காதில் சொன்னால், இவரை அமைதியாக அனுப்பிவிடுவார்கள். அவர் பொங்கலுக்கு மேடையேறுவார். நாளைக்கு வேறொரு பெண்ணின் ஃபோனில் 'அதாவது பாருங்கம்மா' என்று ஆரம்பிப்பார்.

"வேண்டாங்க்கா. அவரே வரட்டும். அன்னைக்குச் சொன்னதை இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

மரகதம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்கு விசர். முழுப் பைத்தியம்," என்றாள். பிறகு அவள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு, பார்வையாளர் வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்தாள். அங்கே மன்றத்துக்காரர்கள் நான்கைந்து பேர் சரத்துக்காக வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தமிழ் தெரியும். எல்லோருக்கும் ஆங்கிலமும் தெரியும்.

சாட்சிக் கூண்டுக்கும் சரத்துக்கும் நடுவில் ஒரு திரை வைத்திருந்தார்கள். விநாயகமூர்த்தி கீதையைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: சமையலறையில் என்ன நடந்தது?

ஆனந்தவல்லி மைக்கைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு கையாலயும் என் கழுத்தப் புடிச்சு நெரிச்சாருங்க. மூச்சு நின்னு போச்சுங்க. கண்ணு இருட்டிருச்சு. என்னைக் கொல்றாருன்னு நெனச்சேனுங்க."

விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்னதாக ஆங்கிலத்தில் சொன்னார்: வாக்குவாதத்தில் அவர் என் தோளை, கழுத்துப் பக்கமாகப் பிடித்துத் தள்ளினார். எனக்குப் படபடப்பாகி மூச்சு வாங்கியது. நான் பயந்துவிட்டேன்.

தப்பே சொல்ல முடியாத, வழுவழுப்பான ஆங்கிலம். வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குப் போகக் காகிதத்தைப் புரட்டினார். மன்றத்துக்காரர்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை.

"நோ," என்றாள் ஆனந்தவல்லி.

நீதிபதி நிமிர்ந்தார். வயதான வெள்ளைக்காரம்மா.

"ஐ டிட் நாட் சே தட்." மைக்கின் பக்கம் குனிந்தாள். குரல் நடுங்கவில்லை. மிச்சத்தையும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். இலக்கணம் உடைந்து உடைந்து வந்தது, அவள் நிறுத்தவில்லை. "நான் தோள் என்று சொல்லவில்லை. கழுத்து என்றேன். இரண்டு கை என்றேன். என் மூச்சை அவர் நிறுத்தினார். பயத்தால் மூச்சு நிற்கவில்லை, அவர் கையால் நின்றது. போலீஸ் வந்த அன்றைக்கும் ஃபோனில் இதே மனிதர்தான். அன்றைக்கும் மாற்றிச் சொன்னார். இவர் என் கணவருடைய நண்பர். சங்கத்தில் இவர் தலைவர், அவர் பொருளாளர். நான் தமிழில் சொன்னது இந்த மைக்கில் இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்."

விநாயகமூர்த்தி எழுந்து, "யுவர் ஆனர், சாட்சி உணர்ச்சிவசப்பட்டு..." என்று தொடங்கினார்.

"உட்காருங்கள்," என்றார் நீதிபதி. பிறகு கேட்டார்: "குற்றம் சாட்டப்பட்டவரை உங்களுக்குத் தெரியுமா?"

அந்த ஆக்லாந்து நகரத்தில் இத்தனை வருஷங்களாக எத்தனையோ பேருக்காகப் பேசியவர், முதல்முறையாகத் தனக்காக வார்த்தை தேடினார்.

"சமூக ரீதியாக, ஓரளவு," என்றார்.

நீதிபதி அவரை அப்போதே வெளியே அனுப்பினார். வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பதிவைக் கேட்டுச் சொல்ல வேறொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தார்கள். அந்த மொழிபெயர்ப்பு வந்து, விசாரணை மறுபடி தொடங்கி முடிய மாதங்கள் ஆயின. அந்த மாதங்கள் லேசானவை அல்ல. மன்றத்து வாட்ஸ்அப்பில் அவளைப் பற்றி வராத பேச்சில்லை. விசாவுக்காக நாடகம் போட்டாள் என்றார்கள். கடைக்கு வந்த ஒரு தமிழம்மா, அவள் கல்லாவில் நிற்பதைப் பார்த்துவிட்டு எடுத்த தலையணை உறையை வைத்துவிட்டுப் போனாள். "அவளும் ஸாரி சொல்லலை பாரு," என்றாள் ஷிவாங்கி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனந்தவல்லி பின்னால் சரக்கறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதும் கொண்டாள்.

சரத் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் பக்கத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விநாயகமூர்த்தியை மொழிபெயர்ப்பாளர் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் மேல் விசாரணை என்று சொன்னார்கள். அது இன்றுவரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மன்றம் அவரை நீக்கவில்லை. அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் அவர் உடல்நிலை காரணமாக ஓய்வு பெறுவதாக அறிவித்துப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனந்தவல்லி வருஷச் சந்தா கட்டிய உறுப்பினர். கட்டியது சரத்தாக இருந்தாலும் பெயர் அவளுடையது. மரகதத்தைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பொன்னாடை விரிந்தபோது எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்குதுங்க."

"கேள்வி நேரம் கடைசியிலம்மா," என்றார் மேடையில் இருந்தவர்.

"இப்பத்தாங்க கேக்கணும். போர்த்துனப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்? நீங்க சேர்த்து வெச்ச குடும்பம்னு மேடைல சொல்றீங்களே, அதுல ஒண்ணு நானுங்க. மத்த பொண்ணுங்க எங்க இருக்காங்க? இப்ப எப்படி இருக்காங்கன்னு யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?"

யாரோ, "உக்காரும்மா" என்றார்கள். "அவ பேசட்டும்" என்று இன்னொரு குரல். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சின்ன வயது, இடுப்பில் குழந்தை. "நான் இங்க இருக்கேன்," என்றாள். அவள் பெயர் ஸ்ருதி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை. பொன்னாடையைக் கையில் வைத்திருந்தவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடிக்கத் தொடங்கினார்.

மன்றம் அதோடு மூடிவிடவில்லை. கூட்டத்தில் நடந்தது வெளியே பரவி, குடும்பக் குழுவுக்கு வந்த அரசாங்க உதவி நின்றது. குழு கலைந்தது. சிலர் ஆனந்தவல்லியை இன்னும் திட்டுகிறார்கள். சிலர் கடையில் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். அவள் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி, விரிப்பு என்ன அளவு வேண்டும் என்று கேட்கிறாள்.

போன மாதம் ஸ்ருதி அவளை ஃபோனில் கூப்பிட்டாள். முன்பொரு முறை போலீசில் அவள் சொன்னதையும் விநாயகமூர்த்தி மாற்றித்தான் சொல்லியிருந்தார்; அதை மறுபடி சொல்ல வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். ஆனந்தவல்லி ஓட்டுநர் உரிமம் வாங்கி, மரகதத்தின் பழைய காரை விலைக்கு வாங்கியிருந்தாள். காலையில் போய் ஸ்ருதியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டாள். வழி முழுக்க மழை. ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தியபோது ஸ்ருதி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் சொல்றதை அவங்க மறுபடியும் மாத்திச் சொல்லிட்டா?"

"நாங் கூடவே உக்காந்திருப்பேன். ரெண்டு பாஷையும் கேப்பேன்," என்றாள் ஆனந்தவல்லி. "ஒரு வார்த்தை மாறுச்சுன்னா எந்திரிச்சு நிப்பேன். நீ எதையும் குறைச்சுச் சொல்லாத. அது போதும்."

ஸ்ருதி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கி, குடையை விரித்தாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.